மட்டை வீச்சில் எங்கே தவறுகிறோம்?

பினாங்கில் பிறந்த நிக்கோல் டேவிட்டின் உயரம் ஏறத்தாழ 163 சென்டிமீட்டர். இதை வாசிக்கும் படிவம் மூன்று மாணவர்களில் பலர் அவரைவிட உயரமாக இருப்பீர்கள். அந்த உடம்பை வைத்துக்கொண்டுதான் அவர் 2005 முதல் 2014 வரை எட்டு முறை உலக ஸ்குவாஷ் பட்டத்தை வென்றார். 2006 ஆகஸ்டில் உலகத் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்தவர், 2015 வரை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அந்த இடத்தை எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இன்று புக்கிட் டும்பாரில் உள்ள ஸ்குவாஷ் மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், புறப்பாட நடவடிக்கையில் ஸ்குவாஷ், பூப்பந்து, சாஃப்ட்பால் என எதில் சேர்ந்தாலும், முதல் சில வாரங்களில் நம் பிள்ளைகள் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: "எனக்குக் கையில் பலம் பத்தாது." பந்து சுவரை எட்டுவதில்லை, அல்லது எட்டினாலும் சொத்தென்று விழுகிறது. உடனே தனக்கு அந்த விளையாட்டு ஒத்துவராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அடுத்த மாதம் அவர்கள் அந்தப் பக்கம் வருவதில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்குவாஷ் பந்தின் எடை சுமார் 24 கிராம்தான். மட்டை 255 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. கடையில் கிடைக்கும் பல மட்டைகள் 150 கிராமுக்கும் குறைவு. புத்தகப்பையைத் தூக்கி மூன்று மாடி ஏறும் பிள்ளைக்கு இந்த எடையை வீசப் பலம் பத்தாது என்பதை எப்படி ஏற்பது? குறை பெரும்பாலும் பலத்தில் இருப்பதில்லை. இருக்கும் பலம் எந்த வரிசையில், எந்த நேரத்தில் மட்டைக்குப் போய்ச் சேருகிறது என்பதில்தான் இருக்கிறது. அது திருத்தக்கூடிய குறை. அதற்கு வேண்டியது நீங்கள் வகுப்பில் படிக்கும் அறிவியலே.

2023 அக்டோபரில் மும்பையில் கூடிய அனைத்துலக ஒலிம்பிக் மன்றம், 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஐந்து விளையாட்டுகளைச் சேர்க்க முடிவு செய்தது. ஸ்குவாஷ் முதன்முறையாக நுழைகிறது. கிரிக்கெட்டும் பேஸ்பால்-சாஃப்ட்பாலும் மீண்டும் வருகின்றன. இம்மூன்றிலும் மட்டை வேறு, பந்து வேறு. ஆனால் கற்றுக்குட்டிகள் செய்யும் தவறுகள் ஏறக்குறைய ஒன்றுதான். எனவே ஸ்குவாஷ் ஆடாதவர்களும் தொடர்ந்து படிக்கலாம்.

வேகம் எங்கிருந்து வருகிறது?

பினாங்குத் தைப்பூசத்தில் ரதம் வரும் வழியெங்கும் தேங்காய் உடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நின்று கவனித்தால் இரண்டு வகை மனிதர்கள் தெரிவார்கள். ஒரு வகையினர் நின்ற இடத்தில் நின்றபடி கையை மட்டும் ஓங்கி அடிப்பார்கள். பத்துக் காய்க்குள் தோள் வலிக்க ஆரம்பித்துவிடும். மற்றவர்கள் ஒரு காலை முன்வைத்து, இடுப்பைத் திருப்பி, தோளைக் கொண்டுவந்து, கடைசியாகத்தான் கையை விடுவார்கள். கூடை கூடையாக உடைத்தாலும் அவர்கள் அவ்வளவு எளிதில் களைப்பதில்லை.

இரண்டாம் வகையினர் செய்வதற்கு அறிவியலில் 'இயக்கச் சங்கிலி' என்று பெயர். கால் தரையைத் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி தரை காலைத் திருப்பித் தள்ளுகிறது. அந்த விசை தொடை வழியாக இடுப்பைத் திருப்புகிறது. இடுப்பு உடம்பைத் திருப்புகிறது. உடம்பு தோளை, தோள் மேற்கையை, மேற்கை முன்கையை, முன்கை மட்டையை. இந்த வரிசையில் ஒவ்வொரு பகுதியும் தனக்கு முந்தையதைவிட எடை குறைந்தது. கனமான பகுதி மெதுவாகத் தொடங்கி, தன் உந்தத்தை அடுத்ததற்குக் கொடுத்துவிட்டு வேகம் தணிகிறது. உந்தம் என்பது நிறையும் திசைவேகமும் பெருக்கி வருவது. அதே உந்தம் எடை குறைந்த பகுதிக்குப் போகும்போது அதன் வேகம் கூடுகிறது. மாட்டுச் சாட்டையின் நுனி 'சுளீர்' என்று சத்தமிடுவது இதனால்தான். கைப்பிடியின் அசைவு மெதுவானது, நுனியின் அசைவு கண்ணுக்கே தெரியாது.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி விடுபட்டாலும், அல்லது முந்திக்கொண்டாலும், நுனிக்கு வேகம் போய்ச்சேராது. இனி நாம் பார்க்கப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தச் சங்கிலி அறுபடும் இடங்களே.

தவறு 1: கையை மட்டும் வீசுவது

அடையாளம்: அடிக்கும்போது இரு பாதங்களும் முன்சுவரைப் பார்த்தபடி இருக்கும். நெஞ்சும் சுவரைப் பார்த்திருக்கும். தோளில் வலி வரும்.

காரணம்: நெஞ்சு முன்னோக்கி நின்றுவிட்டால் இடுப்பும் உடம்பும் திரும்ப இடமே இல்லை. சங்கிலியின் கனமான கண்ணிகள் எல்லாம் வேலைநிறுத்தம் செய்துவிட, சிறிய தசைகள் முழுச் சுமையையும் தாங்க வேண்டியதாகிறது.

திருத்தம்: பந்து வலப்பக்கம் வருகிறதென்றால், வலக்கைக்காரர் வலப்புறப் பக்கச்சுவரை நோக்கி நெஞ்சைத் திருப்ப வேண்டும். முழங்காலைச் சற்று மடக்க வேண்டும். நேராக நீட்டிய காலால் தரையைத் தள்ள முடியாது. நின்ற இடத்தில் முழங்காலை மடக்காமல் குதித்துப் பாருங்கள், புரியும். பிறகு இடுப்பு முதலில், கை கடைசியில்.

பேஸ்பாலிலும் இதே பாடம்தான். 1941 பருவத்தில் 0.406 என்ற அடிசராசரி எடுத்த அமெரிக்க வீரர் டெட் வில்லியம்ஸ், பிற்காலத்தில் பந்தடிக்கும் அறிவியலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இடுப்பு வழிநடத்த, கைகள் பின்தொடர வேண்டும் என்பது அதில் அவர் வற்புறுத்திய கருத்துகளில் ஒன்று.

தவறு 2: மட்டையைத் தாமதமாகத் தூக்குவது

அடையாளம்: பந்து பக்கத்தில் வந்த பிறகுதான் மட்டை மேலே போகும். ஓடும்போது மட்டை முழங்கால் அருகே தொங்கிக்கொண்டிருக்கும்.

காரணம்: ஓய்வில் இருந்து கிளம்பும் ஒரு பொருளின் இறுதி வேகத்தின் வர்க்கம், முடுக்கத்தையும் தூரத்தையும் பெருக்கியதன் இரு மடங்கு. படிவம் நான்கில் இந்தச் சமன்பாட்டைச் சந்திப்பீர்கள். மட்டையை அவசரமாக 30 சென்டிமீட்டர் மட்டும் நகர்த்தி அடிப்பவரையும், முன்கூட்டியே தூக்கி வைத்து 120 சென்டிமீட்டர் தூரம் நகர்த்தி அடிப்பவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே விசையைத்தான் கொடுக்கிறார்கள். தூரம் நான்கு மடங்கு என்பதால், இரண்டாமவர் மட்டையின் வேகம் முதலாமவருடையதைப்போல் இரண்டு மடங்கு. கூடுதல் பலம் ஒரு துளியும் தேவைப்படவில்லை.

திருத்தம்: பந்து முன்சுவரைத் தொடும் நேரத்தில் உங்கள் மட்டைத் தலை காது உயரத்துக்குப் போயிருக்க வேண்டும். பயிற்சியில் பந்து சுவரைத் தொடும் ஒவ்வொரு முறையும் வாய்விட்டு "மேலே" என்று சொல்லிக்கொண்டே தூக்குங்கள். ஒரு வாரத்தில் வாய் சொல்லாமலே கை சொல்லும்.

தவறு 3: கையை விரித்துச் சுழற்றுவது

இரண்டாம் தவறைத் திருத்தப் போனவர்கள் விழும் குழி இது. தூரம் வேண்டும் என்றவுடன் கையை முழுக்க நீட்டி, பெரிய வட்டமாகச் சுழற்றத் தொடங்கிவிடுவார்கள்.

வீட்டில் ஒரு கம்பை எடுங்கள். சிலம்பக் கம்பு இருந்தால் மிக நன்று. முதலில் நடுவில் பிடித்து வலம் இடமாகத் திருப்புங்கள். பிறகு ஒரு நுனியைப் பிடித்து அதே வேகத்தில் திருப்பிப் பாருங்கள். கம்பு ஒன்றுதான், எடையும் ஒன்றுதான். ஆனால் நுனியைப் பிடித்தால் கை திணறும். சீரான கம்பை நுனியில் பிடித்துச் சுழற்றுவது, நடுவில் பிடித்துச் சுழற்றுவதைவிட நான்கு மடங்கு கடினம் என்று கணக்கு சொல்கிறது. சுழலும் பொருள் அச்சிலிருந்து தள்ளிப்போகப் போக, சுழற்சியை எதிர்க்கும் அதன் நிலைமம் தூரத்தின் வர்க்கத்தில் கூடுவதே காரணம். தூரம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு.

வீச்சின் தொடக்கத்திலேயே கையை நீட்டிவிட்டால், நீங்கள் நுனியைப் பிடித்த கம்பாகிவிடுகிறீர்கள். உடம்பு திரும்புகிறது, மட்டை வர மறுக்கிறது. தூண்டில் போடுவதுபோல் கையை வெளியே எறியும் இந்தத் தவறைப் பேஸ்பால் பயிற்றுநர்களும் தினமும் திருத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

திருத்தம்: தொடக்கத்தில் முழங்கை மடங்கி, உடம்புக்கு அருகே இருக்கட்டும். உடம்பு திரும்பிய பிறகு முழங்கை முன்னே வரட்டும். பந்தைத் தொடும் சமயத்தில்தான் கை நீள வேண்டும். தொடங்கும்போது மடக்கு, தொடும்போது நீட்டு. மட்டைத் தலை கடந்து வரும் தூரம் குறையாது. அது சுற்றும் வட்டம் மட்டும் சுருங்கும்.

தவறு 4: பந்தோடு ஒட்டி நிற்பது

அடையாளம்: அடிக்கும் நேரத்தில் முழங்கை இடுப்பில் இடிக்கும். பந்து உடம்பின் மேலேயே வந்து மோதுவதுபோல் இருக்கும்.

காரணம்: சுழலும் பொருளில் ஒரு புள்ளியின் வேகம், சுழல் வேகத்தையும் அச்சிலிருந்து அதன் தூரத்தையும் பெருக்கி வருவது. குடை ராட்டினத்தில் நடுவில் இருப்பவரைவிட விளிம்பில் இருப்பவர் வேகமாகப் போவதுபோல. தொடும் சமயத்தில் கை நீள இடமில்லையென்றால், மூன்றாம் தவறைத் திருத்திச் சேமித்ததை எல்லாம் கடைசி நொடியில் தொலைத்துவிடுகிறோம்.

திருத்தம்: பந்தை நோக்கி நேராக ஓடாதீர்கள். பந்து விழப்போகும் இடத்துக்குப் பக்கவாட்டில், ஒரு கையும் ஒரு மட்டையும் தள்ளி உள்ள இடத்துக்கு ஓடுங்கள். கடைசி இரண்டு அடிகளைச் சிறிதாக வைத்தால் தூரத்தைச் சரிசெய்ய நேரம் கிடைக்கும்.

தவறு 5: மட்டையை நெரித்துப் பிடிப்பது

அடையாளம்: விரல் முட்டிகள் வெளுத்திருக்கும். ஒரு ஆட்டம் முடிவதற்குள் முன்கை கல்போல் இறுகிவிடும்.

காரணம்: தசைகள் இணை இணையாக எதிரெதிரே வேலை செய்பவை என்று படித்திருக்கிறீர்கள். மேற்கையில் இருதலைத் தசை சுருங்கினால் முழங்கை மடங்கும். முத்தலைத் தசை சுருங்கினால் நீளும். ஒன்று சுருங்கும்போது மற்றது தளர வேண்டும். மட்டையை நெரித்துப் பிடித்தால் முன்கைத் தசைகள் இரு பக்கமும் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. ஒரு காலால் வேகமுடுக்கியையும் மறு காலால் பிரேக்கையும் மிதித்துக் கார் ஓட்டுவதற்குச் சமம் இது.

இதோடு சேர்ந்த ஒரு தவறான எண்ணமும் உண்டு. வேகம் மணிக்கட்டை உதறுவதில் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். கதவுப் பூட்டில் சாவியைத் திருப்பிப் பாருங்கள். மணிக்கட்டு திரும்புவதாகத் தோன்றும். உண்மையில் திரும்புவது முன்கை. அங்கே இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றொன்றின்மேல் புரள்கிறது. தோள் மூட்டில் மேற்கை சுழல்வதும் முன்கை இப்படிப் புரள்வதும்தான் வீச்சின் கடைசிக் கட்ட வேகத்தில் பெரும் பங்கு வகிக்கின்றன. மணிக்கட்டைத் தளரவிட்டு உதறினால் மட்டையின் முகம் எந்தப் பக்கம் பார்க்கும் என்று உங்களுக்கே தெரியாது.

திருத்தம்: சிறு குருவியைக் கையில் வைத்திருப்பதுபோல் பிடியுங்கள்; பறந்துவிடவும் கூடாது, நசுங்கிவிடவும் கூடாது. மணிக்கட்டைச் சற்று மேல்நோக்கி நிமிர்த்தி, அந்த நிலையிலேயே வைத்திருங்கள். பந்தைத் தொடும் கணத்தில் பிடி தானாகவே இறுகும்.

தவறு 6: பந்தைத் தொட்டதும் மட்டையை நிறுத்துவது

பந்தும் மட்டையும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் சில பங்குகள்தான். 'தொட்டது' என்ற செய்தி கையிலிருந்து மூளைக்குப் போய்ச் சேரும் முன்பே பந்து கிளம்பிப் போய்விடும். அப்படியானால், அடித்த பிறகு மட்டையைத் தொடர்ந்து கொண்டுபோவதால் என்ன பயன் என்று ஒரு கெட்டிக்கார மாணவர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

பந்து போன பிறகு மட்டை செய்வது எதுவும் பந்தைப் பாதிக்காது, உண்மைதான். ஆனால் பந்தின் இடத்திலேயே மட்டையை நிறுத்த நினைப்பவர், அதற்கு முன்பே பிரேக் போடத் தொடங்கியிருக்க வேண்டும். அதாவது, பந்தைத் தொடும்போது மட்டை ஏற்கெனவே வேகம் குறைந்துகொண்டிருக்கிறது. ஓட்டப் பந்தயத்தில் இறுதிக் கோட்டையே நிற்குமிடமாக நினைத்து ஓடுபவர் கடைசி ஐந்து மீட்டரில் தோற்பது இப்படித்தான். பந்துக்கு அப்பால் ஒரு இடத்தைக் குறிவைத்து வீசுங்கள். மட்டை எதிர்த் தோளருகே மடங்கி முடியட்டும். கண்ணும் தலையும், அடித்த இடத்தை ஒரு கணம் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். பந்து எங்கே போகிறது என்று பார்க்கும் ஆசையில் தலை முன்னதாகவே நிமிர்ந்தால், தோளும் அதோடு தூக்கிக்கொள்ளும்.

எல்லாப் பந்தையும் முழு வேகத்தில் அடிக்க வேண்டுமா?

வேண்டாம் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. தோளிலிருந்து மட்டைத் தலை வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் என்று கொள்வோம். மட்டைத் தலை விநாடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு நேரத்தில் அது 25 சென்டிமீட்டர் நகர்ந்து, ஏறத்தாழ 14 பாகை திரும்பிவிடும். பந்தை அவ்வளவு முன்னதாகவோ தாமதமாகவோ தொட்டால், 5 மீட்டர் தொலைவில் உள்ள முன்சுவரில் அது குறியிலிருந்து ஒன்றேகால் மீட்டர் விலகும். மைதானத்தின் மொத்த அகலமே 6.4 மீட்டர்தான். வேகத்தைப் பாதியாக்கினால், அதே நேரப் பிழைக்கு விலகலும் பாதியாகிறது. கற்றுக்கொள்ளும் காலத்தில் பாதி வேகத்தில் ஆடச் சொல்லும் பயிற்றுநர் உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை. பிழை செய்வதற்கான இடத்தைக் கொடுக்கிறார்.

பந்தும் ஏமாற்றும்

ஒரு தவறைத் திருத்தி, பத்து நிமிடம் ஆடிவிட்டு, பந்து நன்றாகப் பறக்கிறதே என்று மகிழ்கிறோம். அந்த முன்னேற்றம் உங்களுடையதுதானா?

போட்டிகளில் பயன்படும் இரட்டை மஞ்சள் புள்ளிப் பந்து, 23 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் 30 சென்டிமீட்டர் அளவுக்குத்தான் மேலெழும். அதே பந்து 45 பாகை செல்சியஸுக்குச் சூடேறினால் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் எழும்பும். ஒவ்வொரு அடியிலும் ரப்பர் நசுங்கி விரியும்போது இயக்கச் சக்தியில் ஒரு பகுதி வெப்பமாக மாறுகிறது. சூடான ரப்பர் சக்தியைக் குறைவாக வீணாக்குகிறது. உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தமும் கூடுகிறது. ஆட்டம் தொடங்கும் முன் வீரர்கள் சில நிமிடம் பந்தைத் தட்டிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான்.

புதியவர்களின் கையில் இந்தப் பந்தைக் கொடுத்தால், அதைச் சூடாக்கும் அளவுக்கு அவர்களால் தொடர்ந்து அடிக்க முடியாது. பந்து குளிர்ந்தே கிடக்கும், எழும்பாது. "பலம் பத்தாது" என்ற வாக்கியம் பல நேரங்களில் இங்கேதான் பிறக்கிறது. புதியவர்களுக்கென்றே சற்றுப் பெரியதாக, நன்கு எழும்பும் நீலப் புள்ளி, சிவப்புப் புள்ளிப் பந்துகள் இருக்கின்றன. அவற்றில் தொடங்குவதில் வெட்கம் எதுவும் இல்லை.

ஆய்வாளரைப்போல் திருத்துங்கள்

ஆறு தவறுகளையும் ஒரே நாளில் திருத்தப் புறப்பட்டால் ஒன்றும் திருந்தாது. தொடக்கப்பள்ளியிலேயே படித்த அறிவியல் செயற்பாங்குத் திறனை இங்கே பயன்படுத்துங்கள்.

முதலில் ஒரு தவறை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதுதான் உங்கள் தற்சார்பு மாறி. முன்சுவரில் ஒரு கட்டத்தைக் குறியாக வைத்து 20 முறை அடியுங்கள். எத்தனை முறை பந்து அந்தக் கட்டத்துக்குள் விழுந்தது என்பது சார்பு மாறி. மற்றவை அனைத்தும் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள்: அதே மட்டை, அதே பந்து, நிற்கும் அதே இடம், பந்தின் அதே சூடு. கடைசியாகச் சொன்னதை மறந்துவிடாதீர்கள். பழைய வீச்சைக் குளிர்ந்த பந்திலும் புதிய வீச்சைச் சூடான பந்திலும் சோதித்தால், பந்தின் முன்னேற்றத்தை உங்கள் கணக்கில் எழுதிவிடுவீர்கள். இரண்டு சோதனைக்கு முன்பும் ஒரே அளவு நேரம் பந்தைச் சூடேற்றுங்கள். புதிய வீச்சு பழகச் சில நாள் ஆகும் என்பதால், ஒரே நாள் முடிவை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். வாரத்துக்கு இரண்டு முறை என்று மூன்று வாரம் குறித்து வாருங்கள்.

கைப்பேசியை நண்பரிடம் கொடுத்து, மைதானத்துக்கு வெளியிலிருந்து பக்கவாட்டில் படமெடுக்கச் சொல்லுங்கள். சாதாரணக் காணொளியில் விநாடிக்கு 30 படங்கள். விநாடிக்கு 25 மீட்டர் போகும் மட்டை, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் 83 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், ஒன்றுமே தெரியாது. பல கைப்பேசிகளில் உள்ள மெதுவியக்க வசதி விநாடிக்கு 240 படங்கள் எடுக்கும். அதில் இடைவெளி ஏறத்தாழ 10 சென்டிமீட்டர்தான். படத்தை நிறுத்தி நிறுத்தி மூன்று கேள்விகள் கேளுங்கள். பந்து சுவரைத் தொடும்போது மட்டை எங்கே இருந்தது? இடுப்பு முதலில் திரும்பியதா, கையா? பந்தைத் தொடும்போது முழங்கை மடங்கியிருந்ததா, நீண்டிருந்ததா? நாம் செய்வதாக உணர்வது ஒன்று, உண்மையில் செய்வது வேறொன்று என்பதை அந்தப் படம் தயவு தாட்சண்யமின்றிக் காட்டிவிடும்.

கண்ணுக்கு முதலிடம்

இதுவரை பேசியது புள்ளிகளையும் வெற்றியையும் பற்றி. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ஸ்குவாஷில் எதிராளி வலைக்கு அப்பால் நிற்பதில்லை. 9.75 மீட்டர் நீளமுள்ள ஒரே அறைக்குள், கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார். கையை விரித்துச் சுழற்றுபவரின் மட்டை, அவருடைய முகத்தில் போய் முடியலாம். பந்தின் விட்டம் சுமார் 40 மில்லிமீட்டர். கண்குழிக்குள் பொருந்திவிடும் அளவு. அதனால் அதைச் சுற்றியுள்ள எலும்பு கண்ணைக் காப்பாற்றாமல் போகலாம்.

இதனால்தான் அளவுக்கு மீறிய வீச்சை ஸ்குவாஷ் விதிகள் கண்டிக்கின்றன. எதிராளி மட்டைக்கோ பந்துக்கோ குறுக்கே இருந்தால், அடிக்காமல் நிறுத்தி 'லெட்' கேட்கலாம். அப்படிக் கேட்பது கோழைத்தனம் ஆகாது. உலக ஸ்குவாஷ் சம்மேளனம் தன் இளையோர் போட்டிகளில் கண்காப்புக் கண்ணாடியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நீங்கள் அணியும் சாதாரண மூக்குக்கண்ணாடி அதற்கு ஈடாகாது. அது உடைந்தால் அதுவே ஆயுதமாகிவிடும்.

இங்கே ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. முழங்கையை மடக்கிச் சிறு வட்டத்தில் தொடங்கும் வீச்சு அதிக வேகம் தருகிறது என்று மூன்றாம் தவறில் பார்த்தோம். பக்கத்தில் நிற்பவருக்குப் பாதுகாப்பானதும் அதே வீச்சுதான். சரியான வீச்சைக் கற்றவர் தன் நண்பனின் கண்ணையும் சேர்த்துக் காக்கிறார்.

பினாங்கு நிக்கோலை மட்டும் தரவில்லை. ஓங் பெங் ஹீ, லோ வீ வெர்ன் ஆகியோரும் இந்த மாநிலத்திலிருந்து உலகத் தரவரிசையின் முதல் பத்து இடங்களுக்குள் சென்றவர்கள். அண்டை மாநிலமான கெடாவின் சிவசங்கரி சுப்பிரமணியம், 2022இல் சாலை விபத்தில் கடுமையாகக் காயமடைந்தவர். அடுத்த ஆண்டே ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் தனிநபர் தங்கம் வென்றார். 2024இல் லண்டன் ஸ்குவாஷ் கிளாசிக் பட்டத்தையும் கைப்பற்றினார். உடம்பு அடிப்படையிலிருந்து மீண்டும் பழக முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. மட்டை எதுவானாலும் சரி: ஸ்குவாஷ், பூப்பந்து, சாஃப்ட்பால். ஆறு தவறுகளில் உங்களுடையது எது என்று படமெடுத்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் எடுத்து, 20 அடிகளுக்கு எத்தனை குறியில் விழுந்தன என்று நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதுங்கள். மூன்று வாரம் கழித்து அந்த எண்களைப் பார்த்துவிட்டு, கையில் பலம் பத்துமா பத்தாதா என்று முடிவு செய்யுங்கள்.